சிகாகோவா, செயிண்ட் லூயிஸா? மகளை எங்கே அனுப்புவது?

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இரண்டு இடங்களில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று சிகாகோ, இன்னொன்று செயிண்ட் லூயிஸ். அவளுக்கு சிகாகோ பாடத்திட்டம்தான் பிடித்திருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணனோ, "சிகாகோவில் தினமும் துப்பாக்கிச் சூடு. செயிண்ட் லூயிஸ் நடுத்தரமான ஊர், அமைதியாக இருக்கும். கறுப்பர்கள் இருக்கும் ஏரியா பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்" என்கிறார். என் கணவரும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். எந்த ஊர் பத்திரம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சிகாகோவைப் பற்றி உங்கள் அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. செயிண்ட் லூயிஸை அமைதியான ஊர் என்று அவர் எப்படி முடிவு கட்டினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2024-ல் சிகாகோவில் 573 கொலைகள், செயிண்ட் லூயிஸில் 150. இத்தோடு நிறுத்தினால் அண்ணன் ஜெயித்துவிடுவார். ஆனால் சிகாகோவின் மக்கள்தொகை சுமார் 27 லட்சம், செயிண்ட் லூயிஸில் ஏறத்தாழ 2.8 லட்சம்தான். அமெரிக்காவில் குற்றங்களை லட்சம் பேருக்கு எத்தனை என்றுதான் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் சிகாகோவில் 21, செயிண்ட் லூயிஸில் 50-க்கும் மேல். இந்த இரண்டையும்விடப் பெரிய ஊரான நியூயார்க்கில் அதே ஆண்டு 4 சொச்சம். பெரிய ஊர் என்பதால் கொலை நடக்கும் எண்ணிக்கையும் பெரிது, செய்தியும் பெரிது. சிகாகோ ஊடகங்கள் திங்கட்கிழமை காலையில் வார இறுதியில் எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்லும். அதை நாடே கேட்கும். செயிண்ட் லூயிஸ் கணக்கு அந்த ஊரைத் தாண்டிக் காதில் விழுவது குறைவு.

நடுத்தர ஊர் என்றாலே இப்படித்தான் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலிஃபோர்னியாவில் உள்ள இர்வைனிலும் சுமார் 3 லட்சம் பேர்தான். வன்முறைக் குற்றம் மிகக் குறைந்த நகரங்களின் வரிசையில் வருடக் கணக்காக அது இருக்கிறது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் 2 லட்சம் பேர்கூட இல்லை. அங்கே 2024-ல் கொலைகள் 150-ஐத் தாண்டின. ஊரின் அளவு ஒன்றும் சொல்வதில்லை.

சரி, அப்படியானால் செயிண்ட் லூயிஸ் வேண்டவே வேண்டாமா? அவசரப்படாதீர்கள், அந்த 50-லும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1876-ல் செயிண்ட் லூயிஸ் நகரம் தன்னைச் சுற்றியிருந்த கவுண்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிரிந்து, எல்லையை அப்போதே கட்டிவிட்டது. அதன் பிறகு வளர்ந்த புறநகர்கள் எதுவும் நகரக் கணக்கில் சேரவில்லை. நகரத்தின் நிலப்பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011-ல் அம்பத்தூர், ஆலந்தூரையெல்லாம் சேர்ப்பதற்கு முன்பு சென்னை மாநகராட்சி இருந்த அளவை ஒட்டி வரும். சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்தால் அது 28 லட்சம் பேர் வாழும் பெருநகரம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே 'செயிண்ட் லூயிஸ்' என்று கணக்கில் வருகிறது. அமைதியான புறநகர்கள் எல்லாம் வெளியே நிற்கின்றன. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நேர் எதிர். 1968-ல் கவுண்டியோடு இணைந்ததால் புறநகர் வீடுகளும் தோப்புகளும்கூட அதன் நகர எல்லைக்குள் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு 'ஆபத்தான பத்து நகரங்கள்' என்று வெளியிடுகிறார்கள். அந்தப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே இப்படி வரிசைப்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கிறது. யார் கேட்கிறார்கள்!

ஆகவே ஊரை விடுங்கள், தெருவைப் பாருங்கள். மினியாபொலிஸ் நகரில் போலீஸை வரவழைத்த அழைப்புகளை வைத்து 1989-ல் வெளியான ஓர் ஆய்வு, பாதி அழைப்புகள் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தவை என்று காட்டியது. சிகாகோவில் மொத்தம் 77 வட்டாரங்கள். மேற்கே வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கும், வடக்கே லிங்கன் பார்க்கும் ஒரே மாநகராட்சிதான், ஆனால் வாழ்க்கை வேறு. செயிண்ட் லூயிஸில் டெல்மார் என்று ஒரு சாலை. அதன் வடக்கே வறுமை, பாழடைந்த வீடுகள். தெற்கே சில தெருக்கள் தள்ளி மாளிகைகள்.

இங்கே உங்கள் அண்ணன் சொன்ன 'ஏரியா' விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பினத்தவர் ஒரு பக்கம், வெள்ளையர் மறு பக்கம் என்று டெல்மாரில் விழுந்த கோடு தானாக விழவில்லை. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கே செயிண்ட் லூயிஸில் ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டைப் பற்றியதுதான். இன்று அந்தத் தெருக்களில் குண்டடிபட்டுச் சாகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே குடியிருப்பவர்கள். உங்கள் மகளின் வகுப்பில், ஆய்வகத்தில், பஸ்ஸில் கறுப்பினத்தவர் இருப்பார்கள். தோலைப் பார்த்து ஒதுங்கச் சொல்லி அனுப்பினால் பாதுகாப்பு அதிகரிக்காது, தனிமைதான் அதிகரிக்கும்.

மாணவர்களுக்கு நேரும் தொல்லைகள் பெரும்பாலும் வேறு வகை: செல்போன் பறிப்பு, வாசலில் வைத்த பார்சல் காணாமல் போவது, கார் திருட்டு. கார் பற்றி ஒரு குறிப்பு. புதிதாகப் போகும் பிள்ளைகள் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கியா, ஹூண்டாய் வாங்குவார்கள். 2021 வரை அமெரிக்காவில் விற்ற இவற்றின் பல மாடல்களில், சாவி போட்டுத் திருகும் வகையில், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கிடையாது. ஒரு யூ.எஸ்.பி. ஒயரை வைத்தே ஸ்டார்ட் செய்யும் வீடியோக்கள் பரவி, இரண்டு ஊர்களிலுமே அந்தக் கார்கள் கொத்துக் கொத்தாகத் திருடு போயின. வாங்கினால், கம்பெனி இலவசமாகத் தரும் மென்பொருள் திருத்தம் செய்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

சிகாகோவில் கார் இல்லாமலே காலம் தள்ளலாம் என்பது என் கணக்கில் பெரிய விஷயம். ரயிலில் இரண்டு தடங்கள் இரவு முழுவதும் ஓடுகின்றன. செயிண்ட் லூயிஸிலும் ரயில் உண்டு, ஆனால் மளிகைக் கடைக்குப் போகவே கார் தேடும் இடங்கள்தான் அதிகம். 2023-ல் அமெரிக்கச் சாலைகளில் சுமார் 41,000 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த கொலைகளைப் போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. புதிதாக லைசென்ஸ் எடுத்த பெண் பனிக்காலத்து ராத்திரியில் நெடுஞ்சாலையில் ஓட்டுவதை எந்த மாமாவும் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றைக் கறாராகவே சொல்கிறேன். செலவுக்கு ஆகும் என்று ராத்திரி நேரத்தில் பெட்ரோல் பங்க் கடையிலோ மதுக்கடையிலோ கேஷ் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. விசா போவது ஒரு பக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் குண்டடிபட்ட செய்திகளைத் திரும்பிப் பாருங்கள். கல்லாப்பெட்டி முன்னால் தனியாக நின்றவர்கள் அதில் எத்தனை பேர் என்று தெரியும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். கிளெரி சட்டம் என்று பெயர். இரண்டு பல்கலைக்கழகங்களின் அறிக்கையையும் மகளை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் அதில் முக்கியமாக வளாகமும் அதை ஒட்டிய சாலைகளும் வரும். நான்கு தெரு தள்ளி அவள் எடுக்கப்போகும் அப்பார்ட்மெண்ட் வராது. அதற்கு சிகாகோ நகராட்சியின் இணையதளத்தில் 2001 முதல் பதிவான குற்றங்கள் தெருவாரியாகக் கிடைக்கின்றன. வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் மறைத்திருப்பார்கள். கொலையைத் தேட வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள தெருக்களில் வழிப்பறி எத்தனை, எந்த நேரத்தில் என்று பார்க்கட்டும். செயிண்ட் லூயிஸ் போலீஸும் இப்படிக் கணக்கு வெளியிடுகிறது.

அப்புறம், ஏற்கெனவே அங்கே படிக்கும் ஒரு பெண்ணிடம் அவள் பேசட்டும். "ஊர் பத்திரமா?" என்று கேட்டால் "ஓகே ஆன்ட்டி" என்றுதான் பதில் வரும். ஆய்வகத்திலிருந்து பதினொரு மணிக்குக் கிளம்பினால் எப்படி வீடு சேருகிறாய், பல்கலைக்கழக வண்டி வாசல் வரை வருமா, எத்தனை நிமிஷம் காக்க வேண்டும், போன வருடம் வீடு மாற்றிய தோழிகள் ஏன் மாற்றினார்கள் என்று கேட்கட்டும்.

என்னைக் கேட்டால், படிப்பு பிடித்த இடம் சிகாகோ என்றால் சிகாகோவுக்கே அனுப்புங்கள். வாடகையில் மாதம் நூறு டாலர் மிச்சம் என்று தொலைவில் வீடு பிடிக்க விடாதீர்கள். முதல் ஆறு மாதம் வளாக விடுதியிலோ, வண்டி வந்து இறக்கிவிடும் தூரத்திலோ இருக்கட்டும். ஊர் பழகிய பிறகு வீட்டை அவளே தேடிக்கொள்வாள்.