கைப்பேசியில் மருத்துவப் பாடம்

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாகவே இருக்கிறான், கேட்டால், படிக்கிறேன் என்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நம்பலாம் அம்மா. இரண்டாம் ஆண்டில் மருந்தியல் படிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மருந்துகளின் பெயர்களை நினைவில் நிறுத்த ‘ஆங்கி’ போன்ற அட்டைச் செயலிகள் பெரிதும் உதவுகின்றன. ‘ரிஃபாம்பிசின்’ என்று காசநோய் மருந்தொன்றின் பெயரோடு ஓர் அட்டை வரும். ‘சிறுநீர் செம்மஞ்சளாகும்’ என்று அதன் பக்கவிளைவை மனத்துக்குள் சொல்லிவிட்டு மாணவர் மறுபக்கத்தைப் பார்ப்பார். தடுமாறிய அட்டை சில நிமிடங்களிலும், எளிதாகச் சொன்னது சில நாள் கழித்தும் மீண்டும் வரும். படித்தது நாளடைவில் எப்படி மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-லேயே அளந்து எழுதினார்; இம்முறைக்கு அதுவே வேர்.

நான் கவலைப்படுவது மருந்தளவுச் செயலிகளைப் பற்றித்தான். காய்ச்சலுள்ள 12 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 180 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று செயலி சரியாகவே சொல்லும். ஆனால், 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லிலிட்டர் தர வேண்டும்; 250 மில்லிகிராம் உள்ளது என்றால் 3.6 மட்டுமே. கையிலிருக்கும் புட்டியின் சீட்டைப் படித்து, ஒருமுறை தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். நோயாளியின் படத்தையோ அறிக்கையையோ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதில்லையே என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.