அறை பார்க்கப் போனால் இருட்டியபின் போங்கள்

தம்பி, தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகை குறைவாக இருக்கிறதே, அறை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குள்ள லத்தீனோ மக்கள், அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள், பலர் பருமனாக இருப்பதற்கு அவர்கள் சாப்பாடுதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ், வங்கிக் கணக்கெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும், விடுங்கள். சாப்பாட்டுப் பேச்சுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

2003-இல் நான் வந்து இறங்கியதும் அந்தப் பக்கம்தான். கார் கிடையாது. நல்ல காய்கறி வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். தெருமுனையில் பர்கர் கடை, டோனட் கடை, சோடாவும் சிப்ஸும் விற்கும் மதுக்கடை. இருட்டினால் வெளியே நடக்கப் பயம். ஒரே வருடத்தில் 11 கிலோ ஏறினேன். அதில் மெக்சிகோ சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை.

பக்கத்து அறையில் மெக்சிகோ கிராமத்து அம்மா ஒருவர் இருந்தார். நம் ஊரில் வேலியோரம் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியை முள் சீவி, வெங்காயத்தோடு வதக்கி எனக்கும் கொடுப்பார். ஊரில் தினமும் சந்தைக்கு நடந்தவர். இங்கே இரண்டு வேலை. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பும்போது திறந்திருப்பது பர்கர் கடை மட்டும்தான். சில வருடங்களில் சர்க்கரை வந்துவிட்டது.

2008-இல் நகர மன்றம் அந்தப் பகுதியில் தனிக்கட்டடமாகப் புதிய துரித உணவுக் கடைகள் வரத் தடை போட்டது. அதன் பிறகும் பருமன் கூடியது என்று 2015-இல் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. கூடாமல் என்ன செய்யும்? ஏற்கெனவே இருந்த கடைகள் அப்படியேதான் இருந்தன. 1990-களில் அமெரிக்க மத்திய அரசு ஐந்து நகரங்களில் ஏழைக் குடும்பங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸும் அதில் ஒன்று. பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால், அந்த உதவி கிடைத்த பெண்களிடம் மிகையான பருமனும் சர்க்கரையும் குறைவாக இருந்தன.

நம் ஆட்கள் சிலர் வசதியான அர்வைன் ஊரில் வீடு வாங்கிக்கொண்டு, முருங்கைக்காய்க்கு இந்தியக் கடைகள் இருக்கும் ஆர்ட்டீசியா வரை காரில் போய்வந்துகொண்டு, "அவங்களுக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்பார்கள். எனக்கு அது பொறுக்காது.

அறை பார்க்கப் போனால் இருட்டியபின் போங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நடைபாதை நடக்கிற மாதிரி இருக்கிறதா, காய்கறிக் கடைக்குக் கால்நடையாகப் போக முடியுமா என்று பாருங்கள். வாடகையை அப்புறம் பேசலாம்.

பிறகு நான் லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பக்கம் இருக்கும் பாயில் ஹைட்ஸுக்கு மாறினேன். அங்கே எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, அக்கம்பக்கத்தார் போராடி வாங்கிய ஒன்றரை மைல் ரப்பர் நடைபாதை உண்டு. விடிகாலையில் அங்கே நடக்கும் பாட்டிகளிடம்தான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பக்கத்து அறை அம்மாவையும் அழைத்துப் போனேன். ஒரு சுற்று முடிந்ததும், இன்னொன்று போகலாமா என்று கேட்டார்.