உள் பரிசோதனை என்றாலே பயமாக இருக்கிறது டாக்டர்

கேள்வி: எனக்கு 41 வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். ஆறு வருடம் முன்பு வெள்ளைப்படுதலுக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே கருவி வைத்துப் பார்த்தார்கள். உயிர் போகிற மாதிரி எரிந்தது, கத்திவிட்டேன். “ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?” என்றார் நர்ஸ். அதற்குப் பிறகு நான் எங்கேயும் காட்டவில்லை. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு வருடமாகக் கணவருடன் சேரும்போதும் வாசலிலேயே எரிச்சல் இருக்கிறது. போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த நர்ஸ் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பிரசவத்தின்போது உடம்பு பல மணி நேரம் தயாராகிறது, திசுக்கள் இளகிக் கொடுக்கின்றன. ஒரு சாதாரண நாளில், பயந்துபோய் மேஜையில் படுத்திருக்கும் பெண்ணின் உடம்பில் அந்தத் தயாரிப்பு எதுவும் இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. பிரசவத்தில் வெட்டித் தையல் போட்ட இடம் சிலருக்கு ஆறிய பிறகும் தொட்டால் சுரீர் என்கும். பிள்ளை பெற்றதே வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம். உங்களுக்குத் தையல் போட்டார்களா என்று எழுதவில்லை. டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வலி எங்கே இருந்தது என்பது எங்களுக்கு மிக முக்கியமான தகவல். வாசலிலேயே எரிந்தால் பழைய தையல் தழும்பு, வறட்சி, பூஞ்சைத் தொற்று, அந்தத் தோலிலேயே உள்ள கோளாறு என்று யோசிப்போம். கொஞ்சம் உள்ளே போனதும் சுவர் மாதிரி இறுகினால் அது இடுப்புத் தளத் தசை. கையால் கர்ப்பப்பை வாயை அசைக்கும்போது அடிவயிற்றில் வலித்தால் கர்ப்பப்பை, சினைக்குழாய்ப் பக்கம் தொற்றோ எண்டோமெட்ரியோசிஸோ (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் “வாசலிலேயே” என்று எழுதிய அந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துவிட்டது. ஆறு வருடம் முன்பு அங்கே இருந்தவர்கள் அதைக் கேட்டுக் குறித்துவைத்திருக்க வேண்டும்.

அப்போது வெள்ளைப்படுதலுக்காகத்தானே போனீர்கள்? தொற்றால் புண்ணாகிச் சிவந்திருந்த இடத்தில் கருவி பட்டால் யாருக்கும் எரியத்தான் செய்யும். இந்த ஒரு வருட எரிச்சல் வேறு காரணத்தால் இருக்கலாம். நாற்பதுகளில் ஹார்மோன் குறையத் தொடங்கி வறட்சி வரலாம். பூஞ்சைத் தொற்று அடிக்கடி திரும்பி வருகிறது என்றால் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் மருத்துவம் இருக்கிறது. பரிசோதனைக்குப் போகிறீர்களோ இல்லையோ, இந்த எரிச்சலை இதற்கு மேலும் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

படித்த காலத்தில் நானும் “லூசா விடும்மா, லூசா விடும்மா” என்று சொல்லிப் பழகியவள்தான். கண்ணருகே விரல் வந்தால் இமை தானாக மூடுகிறதல்லவா, இந்த இடுப்புத் தளத் தசையும் அப்படித்தான். அதட்டினால் இன்னும் இறுகும். பல வருடம் முன்பு ஒரு பெண் மேஜையில் படுத்தபடியே, “டாக்டர், அதை என் கையில் குடுங்க, நானே வச்சுக்கிறேன்” என்றார். எனக்குத் தயக்கமாக இருந்தாலும் கொடுத்தேன். சின்ன அளவுக் கருவி, மேலே கொஞ்சம் ஜெல்லி. மூச்சை வெளியே விட்டபடி அவரே மெதுவாக உள்ளே வைத்துக்கொண்டார். நான் திறந்து பார்த்து, மாதிரி எடுத்து முடிக்க ஒரு நிமிடம் போல ஆனது. அதற்கு முன்பு இரண்டு இடங்களில் பாதியிலேயே எழுந்து போனவர் அவர். அன்றிலிருந்து பயந்து வருகிற யாராக இருந்தாலும், “நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டுவிடுகிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள். ஆனால் கேட்டதற்கே தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

வாத்தின் அலகு மாதிரி இருக்கும் அந்தக் கருவியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. சிறியதைக் கேளுங்கள். உலோகமாக இருந்தால் வெந்நீரில் காட்டிச் சூடாக்கச் சொல்லலாம். கருவியின் வெளிப்புறம் மட்டும் கொஞ்சம் ஜெல்லி தடவினால் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) கெட்டுப்போகாது. போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள், நிறைந்த பையை அழுத்தினால் அதுவே தனி வலி. முழுப் புடவையையும் அவிழ்க்க வேண்டியதில்லை. இடுப்புக்கு மேல் ஒரு துணி போர்த்தச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களில் வேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்து உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் தவிர்த்தால் முடிவு தெளிவாக வரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் செய்வது இதுதான்: கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லேசாகக் காந்தலாம். பார்த்து முடிந்ததும் கருவியை எடுத்துவிடுவார்கள்.

கருவியே வேண்டாம் என்றால் ஹெச்.பி.வி. சோதனை இருக்கிறது; இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது அது. மெல்லிய பிரஷ்ஷையோ பஞ்சுக் குச்சியையோ நீங்களே உள்ளே வைத்துச் சுழற்றி மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். 30 வயதிலிருந்து இந்தச் சோதனையைச் செய்யலாம், பெண்களே மாதிரி எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021 வழிகாட்டுதலில் சொல்கிறது. இன்னும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, விசாரித்துப் பாருங்கள். வைரஸ் இருக்கிறது என்று வந்தால் மட்டும் கருவி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் உங்கள் எரிச்சலுக்கு வைத்தியம் பார்த்திருப்போம்.

சரி, போகாமலே இருக்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தப் புற்றுநோய் வருவதற்கு முந்தைய மாற்றங்கள் பெரும்பாலும் பல வருடம் மெதுவாக நடப்பவை. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் சிறிய சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம். ஆனால் அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. “நிறுத்துங்க” என்றால் நிறுத்த வேண்டியது எங்கள் கடமை. அன்றைக்கு முடியாவிட்டால் இன்னொரு நாள். துணைக்கு உங்கள் அக்காவையோ தோழியையோ அழைத்துப் போங்கள். பார்ப்பவர் ஆண் மருத்துவர் என்றால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமே சொல்கிறது.

உறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், இவற்றில் ஏதாவது இருந்தால் முகாம் எப்போது என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

மேஜையில் ஏறிப் படுத்த பிறகு பேச்சு வராது. அதனால் உடை மாற்றுவதற்கு முன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்: “போன தடவை வாசலிலேயே ரொம்ப எரிந்தது. சின்னக் கருவி வையுங்கள். நான் கையைத் தூக்கினால் நிறுத்திவிடுங்கள்.” வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். அப்படிச் சீட்டோடு வருகிறவர்களை எனக்குத் தெரியும்.