வாய் மூடியவர் எல்லாம் ஒரே ரகமா?

கேள்வி: எங்கள் அலுவலகக் கணக்காளர் வேறு வேலைக்குப் போகிறார். ஆங்கிலத்தில் நற்சான்றுக் கடிதம் கொடுத்தேன். அலுவலக விஷயம் எதையும் வெளியே விடாதவர் என்று சொல்வதற்காக, 'ஷி இஸ் வெரி சீக்ரெட்டிவ்' என்று ஒரு வரி சேர்த்தேன். அகராதியிலும் 'ரகசியம் காக்கும்' என்றுதான் இருக்கிறது. நண்பரோ, "அந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே" என்கிறார். அப்படி என்ன தப்பு?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நண்பர் சொல்வது சரி. கடிதத்தைப் படிக்கும் மேலாளர், 'இந்தம்மா எதையோ ஒளித்து வைப்பவர் போலிருக்கிறது' என்றுதான் நினைப்பார். அதுவும் கணக்கு எழுதுகிறவரைப் பற்றி! இதைவிட, ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாம்.

'சீக்ரெட்டிவ்' பாராட்டு இல்லை, புகார். மூட வேண்டியது, வேண்டாதது எல்லாவற்றையும் மூடி வைக்கும் குணம் அது. 'அமுக்குணி' என்கிறோமே, அதற்குப் பக்கத்து வீடு. மறைக்கிறார் என்பதை மட்டும் உங்கள் அகராதி சொல்லிவிட்டது. யாருக்காக மறைக்கிறார் என்பதில்தான் ஆங்கிலச் சொற்கள் பிரிகின்றன.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சேம்பர்லென் என்றொரு மருத்துவக் குடும்பம் இருந்தது. சிக்கலான பிரசவத்தில் குழந்தையின் தலையைப் பற்றி வெளியே எடுக்கும் இடுக்கி அவர்களிடம் இருந்தது. நம் வீடுகளில் 'ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை' என்பார்களே, அந்த ஆயுதம். மூடிய பெட்டியில் கொண்டுவருவார்களாம், உறவினரை வெளியே அனுப்பிவிடுவார்களாம், பிரசவிக்கும் தாயின் கண்ணையே கட்டிவிடுவார்களாம். நூறு வருஷத்துக்கு மேல், தலைமுறை தலைமுறையாக, குடும்பத்துக்கு வெளியே விடவில்லை. 1813இல் எசெக்ஸ் பகுதியில் அவர்களுடைய பழைய வீட்டில், தரைப்பலகைக்கு அடியிலிருந்து கருவிகளை எடுத்தார்கள். இவர்கள் 'சீக்ரெட்டிவ்'. பிறர் உயிர் போனாலும் பரவாயில்லை, தொழில் நம் கையை விட்டுப் போகக்கூடாது என்ற மறைப்பு.

அதே பிரசவ அறையில் கண்டதையும் கேட்டதையும் தெருவில் போய்ச் சொல்லாத மருத்துவச்சி 'டிஸ்கிரீட்'. இங்கிதம் தெரிந்தவர், அடுத்தவர் மானத்துக்காக வாயை மூடுபவர். உங்களுக்கு வேண்டியிருந்தது இந்தச் சொல்தான்.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரே உச்சரிப்பில் இரண்டு 'டிஸ்கிரீட்' உண்டு. இரண்டு 'ஈ' எழுத்தும் ஒட்டி நின்று கடைசியில் 'டீ' வந்தால் இங்கிதம். நடுவில் 'டீ' புகுந்து 'ஈ' இரண்டையும் பிரித்தால், பொருளும் 'தனித்தனியான' என்று பிரிந்துவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கணினி சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடலாம். கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பெயர்ச்சொல் 'டிஸ்கிரெஷன்', அங்கே 'ஈ' ஒன்றுதான், ஒலியும் குறில்.

'ஷி இஸ் வெரி கான்ஃபிடென்ஷியல்' என்று எழுதுகிற இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கோப்பு கான்ஃபிடென்ஷியலாக இருக்கலாம், ஆள் இருக்க முடியாது. 'கான்ஃபிடென்ஷியல் செக்ரட்டரி' போன்ற பதவிப் பெயர்கள் விலக்கு. செக்ரட்டரி என்ற சொல்லே ரகசியத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்தது. எத்தனை அலுவலகங்களில் அது பொருந்தும் என்பது வேறு கதை.

பேச்சே குறைவாக உள்ளவர் 'டாசிடர்ன்'. அவரிடம் ரகசியம் ஏதும் இருக்க வேண்டும் என்றில்லை. 1923 முதல் 1929 வரை அமெரிக்க அதிபராக இருந்த கால்வின் கூலிட்ஜுக்கு 'சைலண்ட் கால்' என்றே பட்டப்பெயர் ('கால்' என்பது கால்வினின் சுருக்கம்). விருந்துகளில் வாய் திறக்க மாட்டார். அவரே வாரம் இரண்டு முறை செய்தியாளர்களைச் சந்தித்தவரும்கூட! கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், பதிலை அவர் வாய்ச்சொல்லாக அச்சிடக் கூடாது என்பது நிபந்தனை. விருந்தில் அவர் 'டாசிடர்ன்'. செய்தியாளர் முன்னால் 'கார்டட்', அதாவது அளந்து பேசுபவர். ஆள் ஒருவர்தான், இடத்துக்கு ஏற்பச் சொல் மாறுகிறது.

பிடிகொடுக்காமல் பேசினால் 'கேஜி'. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று மழுப்பினால் 'இவேசிவ்'; பதிலையும் 'இவேசிவ் ஆன்சர்' எனலாம். தன் மனதில் உள்ளதைச் சொல்லத் தயங்குபவர் 'ரெட்டிசென்ட்'. இதன் பின்னால் 'அபவுட்' வரட்டும். 'ரெட்டிசென்ட் டு ஜாயின்' என்று ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே பார்க்கலாம். சேரத் தயங்குகிறார் என்பதுதான் பொருள் என்றால், கவனமான ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'ரிலக்டன்ட்' என்று போடுவார். 'கிளாண்டஸ்டைன்', 'கோவர்ட்' இரண்டுக்கும் 'மறைவாக நடக்கிற' என்று பொருள்; பெரும்பாலும் சந்திப்புக்கும் நடவடிக்கைக்கும் உரியவை. ஆளின் குணத்தைச் சொல்ல எடுக்காதீர்கள்.

'ஃபர்டிவ்' என்பதற்கு மட்டும் தமிழில் அச்சு வார்த்தது போல ஒரு சொல் இருக்கிறது: திருட்டுமுழி. 'ஃபூர்' என்றால் லத்தீனில் திருடன். அதிலிருந்து பிறந்த சொல். எனவே 'ஃபர்டிவ் கிளான்ஸ்' என்று பார்வைக்கே அதிகம் வரும்.

இனி உங்கள் கடிதம். அந்த வரியை எடுத்துவிட்டு, 'ஷி ஹேண்டில்ஸ் கான்ஃபிடென்ஷியல் மேட்டர்ஸ் வித் டிஸ்கிரெஷன்' என்று போடுங்கள். 'வெரி' வேண்டாம். புதுத் தேதியிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து அவரிடம் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். கணினியில் கிடக்கும் கோப்பையும் திருத்துங்கள். இல்லாவிட்டால், அடுத்து வேலையை விட்டுப் போகிறவருக்கும் அதையே பெயர் மாற்றி அச்சடிப்பீர்கள்.