அப்பிளில் ஒட்டியிருக்கும் இலக்கம்

கேள்வி: அக்கா, திருகோணமலைச் சந்தையில் வாங்கிற அப்பிளில் 4 இலக்க ஸ்டிக்கர் இருக்கே, அது என்ன? வெளிநாட்டுப் பழமே வாங்கக்கூடாது, சூழல் கெடுது எண்டு மகள் சண்டை. — வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, அது பழத்தின் வகையைச் சொல்லும் இலக்கம், கடையில் பில் போட உதவும். முன்னால் 9 சேர்ந்து 5 இலக்கமாக இருந்தால் இயற்கை முறையில் விளைந்தது. இதைப் பற்றி உலவும் மற்றக் கதைகளை விட்டுத்தள்ளுங்கோ.

மகள் சொல்வது பாதி சரி. கப்பலில் குளிர்க் கொள்கலனில் வரும் அப்பிளும், விமானத்தில் பறந்து வரும் ஸ்ட்ரோபெரியும் ஒன்றா? அதே நிறைக்கு விமானம் பல மடங்கு கரியமிலவாயுவைக் கக்கும். சீக்கிரம் அழுகுகிற பழமெண்டால், எப்படி வந்ததெண்டு வியாபாரியிடம் கேளுங்கோ. கேட்டால் கோபிக்கமாட்டார்.

வாங்கினதை வீணாக்கினால் அத்தனை தூரம் வந்ததும் வீண். போன மாதம் நான் வாங்கின கிவி கல்லு மாதிரி. கதலி வாழைப்பழம் ஒன்றோடு கடதாசிப் பையில் சுற்றி வைத்தேன்; வாழைப்பழம் விடுகிற எத்திலீன் வாயு மூன்றே நாளில் பழுக்க வைத்துவிட்டது.

ட்ராகன் பழம் மத்திய அமெரிக்கக் கள்ளி. இப்ப எங்கட நாட்டிலேயே விளையுது. அதுக்கு ஏன் இறக்குமதி?

பாலைப்பழக் காலத்தில் நான் அப்பிளைத் தொடவும் மாட்டேன். அந்தப் பழத்தின் பாலில் உதடு ஒட்டினால் ஒட்டட்டும்.