திறந்த கோப்புக்குள் இடம் மாறுவது: கேள்வி பதில்

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எங்கள் கமக்காரர் அமைப்பின் கணினிக் கோப்பில் ஒருவருடைய நெல் மூட்டைக் கணக்கை மட்டும் மாற்ற வேண்டும். முழுவதையும் திரும்ப எழுதத்தான் வேண்டுமா?

பதில்: தேவையில்லை தம்பி, எல்லாப் பதிவும் ஒரே நீளமாக இருந்தால். பதிவு 100 பைட் (கோப்பின் நீளத்தை அளக்கும் அலகு) என்றால், 0இலிருந்து எண்ணும்போது 10ஆவது ஆளின் பதிவு 900இல் தொடங்கும். மூட்டைக் கணக்கு அதற்குள் 90 பைட் தள்ளி இருந்தால் சீக் (seek, கோப்புக்குள் சொன்ன இடத்துக்கு நகர்த்தும் கட்டளை) 990 கொடுத்து எழுதுங்கள். கோப்பை, இருப்பதை அழிக்காமல் வாசிக்கவும் எழுதவும் விடும் ‘ஆர் பிளஸ் பி’ (r+b) முறையில் திறக்க வேண்டும். ‘டபிள்யூ’ (w) என்று திறந்தால் அந்தக் கணமே உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். எழுதுவது இருப்பதன் மேல்தான் விழும், இடையில் செருகாது. 95 இருந்த இடத்தில் 120 எழுதினால் அடுத்த எழுத்து அழியும். ஆகவே 00120 என்று நிரந்தரமாக 5 இடம் ஒதுக்கி வையுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி: பைதன் நிரல் மொழியில் சீக் 5 கொடுத்து வாசித்தால் பிழை வருகிறது. கோப்பின் முதல் சொல் ‘கிளிநொச்சி’.

பதில்: சீக் எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘வன்னி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கோப்புக்குள் வ, ன, புள்ளி, ன, இகர விசிறி என்று 5 குறி, 15 பைட். நீங்கள் 5க்குப் போனபோது ‘கி’யின் விசிறிக்கு நடுவில் இறங்கிவிட்டீர்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான் என்பதால், ஆங்கிலப் பெயர்களை வைத்து நடத்தும் பாடங்களில் இது தலைகாட்டாது. தமிழில் தரவு வைக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். உரைக் கோப்பில் டெல் (tell, இப்போது நிற்கும் இடத்தைச் சொல்லும் கட்டளை) தந்த எண்ணைக் குறித்து வைத்து, அதற்கே திரும்பிப் போங்கள். ஃபார் (for) சுற்றில் வரிவரியாக வாசிக்கும்போது டெல் வேலை செய்யாது, ஒரு தடவைக்கு ஒரு வரி எடுக்கும் ரீட்லைன் (readline) பாவியுங்கள். பெயருக்கு 40 பைட் ஒதுக்கினால் 13 குறிதான் கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: இரணைமடு நீர்மட்டக் கோப்பை ‘ஏ பிளஸ்’ (a+) முறையில் திறந்து, சீக் 0 கொடுத்துத் தலைப்பு எழுதினேன். அது கடைசியில் போய் விழுந்தது.

பதில்: அந்த முறையில் எழுதுவதெல்லாம் கடைசிக்குத்தான் போகும். சீக் வாசிப்பதற்கு மட்டுமே உதவும்.

மாங்குளத்திலிருந்து: சி மொழியில் வாசித்த கையோடு எழுதினால் கண்டபடி வருகிறதே?

பதில்: இரண்டுக்கும் இடையில் ஒரு எஃப்சீக் (fseek, சி மொழியின் சீக்) போடுங்கள், நின்ற இடத்திலேயே 0 தூரம் நகர்ந்தாலும் சரி. சி மொழியின் விதியே அதுதான். எழுதிவிட்டு வாசிப்பதென்றால், எழுதியதைக் கோப்புக்குத் தள்ளிவிடும் எஃப்ஃபிளஷ் (fflush) போதும்.

அவரே: கோப்பின் முடிவையும் தாண்டிப் போகலாமா?

பதில்: போகலாம். அங்கே எழுதினால்தான் கோப்பு நீளும்; லினக்ஸில் இடைவெளியை வாசித்தால் 0 என்ற மதிப்புள்ள பைட்களாகவே வரும்.