வாக்கியத்தோட வாலை முழுங்காதே!

கேள்வி: அக்கா, நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா (ஆர்டரை கூடவே இருந்து பாத்துக்கற வேலை) இருக்கேன். பேச ஆரம்பிச்சா படு வேகம், நிறுத்தவும் தெரியாது. "துணி லாட் எப்ப வரும்"னு எம்.டி. கேட்டா, சாயம் போடற டையிங்காரர் சொன்னது, அவங்க வீட்டு விசேஷம், போன தடவை ஷேடு மாறினதுன்னு எங்கெங்கயோ சுத்திட்டு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லாம நிக்கறேன். "மெதுவா பேசு"ன்னு எல்லாரும் சொல்றாங்க, ரெண்டு நிமிஷம்தான் தாங்குது. என்னங்க்கா பண்றது?
– வாசகி, திருப்பூர்

பதில்: மெதுவா பேசுன்னு சொல்றவங்களுக்கு என்னம்மா, சொல்லிட்டு போயிடுவாங்க. வேகத்தையே கவனிச்சுட்டு பேசினா சொல்ல வந்தது மறந்துடும், மறந்த பதட்டத்துல இன்னும் வேகம் கூடும். அதனால வேகத்தை விடு, வாக்கியத்தோட கடைசியைப் பிடி. தமிழ்ல ஆமாவா இல்லையா, முடிஞ்சுதா இனிமேதானாங்கறதெல்லாம் பெரும்பாலும் அங்கதான் இருக்கு. "அனுப்பிட்டாங்க", "அனுப்பிடுவாங்க", "அனுப்பல", மூணுக்கும் தொடக்கம் ஒண்ணுதான். அவசரத்துல நாம முழுங்கறது அந்த வாலைத்தான், எதிர்ல இருக்கறவர் "என்ன, என்ன"ன்னு கேக்கறது பாதி அதனாலதான். "அனுப்பல சார்"னு முழுசா சொல்லு, வாயை மூடு, ஒரு மூச்சு விடு, அப்புறம் அடுத்தது. வேகம் தன்னால குறையும்.

பேச்சு தடம் மாறறதுக்கும் இதுல மருந்து இருக்கு. "போனேனா, அவர் இல்லையா, சரின்னு உக்காந்தேனா, அப்ப பாத்து கரண்ட் போச்சா"ன்னு முற்றுப்புள்ளியே வைக்காம நம்ம பாஷைல சாயங்காலம் வரைக்கும் பேசலாம் (நான் இந்த பத்தில எழுதறதே அப்படித்தான், ஆனா இதைப் படிக்கறவங்க நடுவுல பக்கத்தைத் திருப்பிடலாம், உங்க எம்.டி.யால முடியாது பாவம்). கேட்டதுக்கு பதிலை முதல்ல வை. "வியாழக்கிழமை வரும் சார்." அவ்வளவுதான், நிறுத்து. ஏன் லேட்டுன்னு கேட்டா அப்ப டையிங்காரர் வரட்டும். அவர் வீட்டு விசேஷத்தை மதியம் டிபன் பாக்ஸ் திறக்கறப்ப வச்சுக்கோ, அங்க அதுக்கு நல்ல மவுசு.

ஃபாரின் பையர்கிட்ட இங்கிலீஷ்ல பேசறப்ப இந்த வால் வித்தை அப்படியே உதவாது, அதுல வினைச்சொல் நடுவுலயே வந்துடும். அங்க நம்பர்ல நிதானமா இரு. தர்ட்டீனும் தர்ட்டியும் போன்ல ஒண்ணா கேக்கும், "ஒன் த்ரீ"ன்னு தனித்தனியா சொல்லிடு. நீ பேசறதை ஒருநாள் செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளு. முதல்ல கூச்சமாத்தான் இருக்கும், ஆனா எந்த இடத்துல முழுங்கறேன்னு தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு. சின்ன வயசுலேர்ந்தே வார்த்தைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, வீட்டுல இருக்கறவங்களுக்கே புரியாத மாதிரி இருந்தா அது வெறும் பழக்கமா இல்லாம இருக்கலாம். க்ளட்டரிங்னு ஒண்ணு இருக்கு, திக்குவாய் வேற இது வேற. திக்கறவங்களுக்கு கவனம் வச்சா பல நேரம் திக்கல் கூடும், இதுல கவனம் வச்சா கொஞ்ச நேரம் சரியாகும். உனக்கு ரெண்டு நிமிஷம் தாங்குதுங்கறதை வச்சு மட்டும் அதுதான்னு சொல்லிட முடியாது, வேகமா பேசற யாருக்கும் அப்படித்தான். சந்தேகம் இருந்தா ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாரு, பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரிகள்ல காது மூக்கு தொண்டை பிரிவுல விசாரிச்சா சொல்லுவாங்க.